பழைய ஜீப்பின் உள்பக்கமும் முன்கண்ணாடியும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் தட்டையான முன்கண்ணாடி உள்ள பழைய மஹிந்திரா ஜீப்புகளுக்கானது. சி.ஜே. வகைகள், எம்.எம். 540, 550, கமாண்டர், மேஜர் எல்லாம் இதில் அடங்கும். 1947-இல் வில்லிஸ் ஜீப்பை உதிரிபாகங்களாக இறக்கி இங்கே பூட்ட ஆரம்பித்தது மஹிந்திரா. அந்த உடலமைப்பு சின்னச்சின்ன மாற்றங்களோடு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. நம் பக்கத்துக்குப் பொதுப்பணித் துறை, ஊராட்சி ஒன்றியம், வேளாண் துறை வழியாக வந்த வண்டிகள் அதிகம். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் ஓடித் தேய்ந்து, ஏலத்தில் கைமாறி, இப்போது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நிற்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை மீட்க நினைப்பவர்களுக்காக எழுதியிருக்கிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ் வேலைகள் இதில் இல்லை.

சீட் கிழிந்திருக்கிறது, டேஷ்போர்டில் துரு, கண்ணாடி ஓரத்தில் ஒழுகல், தரைத் தகட்டில் ஓட்டை. முதலில் எதில் கை வைப்பது?

கண்ணாடிச் சட்டத்தில். டெல்டாவில் ஜீப்பின் உள்பக்கத்தைக் கெடுப்பது தண்ணீர்தான், அது உள்ளே வரும் வழி பெரும்பாலும் முன்கண்ணாடி. வயதான ரப்பர் பீடிங் சுருங்கி வெடிக்கிறது. மழைநீர் அதன் வழியே சட்டத்தின் அடிப்பகுதிக்குள் இறங்கித் தங்குகிறது. அங்கிருந்து கௌலுக்கு வருகிறது (பேனட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருக்கும் தகடுதான் கௌல்). பிறகு டேஷ்போர்டின் பின்பக்கம் ஃபியூஸ் பெட்டியை நனைத்து, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே நிற்கும் தகடு) வழிந்து, கால்மிதி விரிப்புக்கு அடியில் போய்த் தேங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து பெய்யும்போது அந்த விரிப்புக்கு அடியில் ஈரம் காயவே காயாது. தரைத் தகடு மேலிருந்து கீழாக இற்றுப்போவது இப்படித்தான்.

அதனால் ஒழுகலை நிறுத்தாமல் தரைக்குப் புதுத் தகடு வைத்தால் அந்தத் தகடும் அதே வழியில் போகும். சட்டம், கௌல், தரை, வயரிங், மீட்டர்கள், கடைசியில் சீட்டும் ஹூட்டும் (மேலே மூடும் துணிக் கூரை) என்ற வரிசையில் போங்கள். பலரும் முதலில் குஷன் கடைக்குப் போய்ப் பளபளப்பான ரெக்சினில் சீட் தைத்துவிடுகிறார்கள். வெல்டிங் பொறி பட்டு அதில் ஓட்டை விழுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

எந்த மாதத்தில் ஆரம்பிப்பது நல்லது?

சம்பா அறுவடை முடிந்த பிறகு. தை கடைசியிலிருந்து வைகாசி வரை காற்றில் ஈரம் குறைவு. பிரைமர் அடிக்கும்போது தகட்டின் வெப்பம் பனிப்படு நிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையில் பொதுவான விதி. மார்கழிக் காலையில் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், கை நனையும். அந்த ஈரத்தின் மேல் அடிக்கும் பிரைமர் பிடிக்காது. வெயில் ஏறி, தகடு நன்றாகக் காய்ந்த பிறகு அடித்து, மாலைப் பனிக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் பெயிண்ட் முடிந்தால் வசதி. அதன் பிறகு குறுவை வேலை வந்துவிட்டால் வண்டியைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

சட்டத்தை வண்டியிலிருந்து கழற்றியே ஆக வேண்டுமா?

ஆமாம். வண்டியில் வைத்தபடி கண்ணாடி மாற்றலாம், ஆனால் கீழ் விளிம்பின் துருவைப் பார்க்க முடியாது. நல்ல வேளையாக இந்த ஜீப்புகளில் சட்டம் முழுவதும் கௌலில் உள்ள கீல்களில்தான் நிற்கிறது, பக்கக் கொக்கிகள் அதை நிமிர்த்திப் பிடிக்கின்றன. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், வைப்பர் வயரைப் பிரியுங்கள், ஹூட்டை எடுங்கள், கொக்கிகளை விடுவியுங்கள், கீல் ஸ்குரூக்களைத் திருகுங்கள். இரண்டு பேர் வேண்டும்.

கீல் ஸ்குரூக்கள் சுலபத்தில் வராது. துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊறவையுங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் சுத்தியால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். சாதாரண ஸ்குரூ டிரைவரால் முறுக்கித் தலையைத் தேய்த்துவிட்டால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்தது என்று சின்னச் சின்னப் பைகளில் போட்டு எழுதி வையுங்கள்.

சட்டத்தின் கீழ்ப்பகுதி இற்றுவிட்டது. புதுச் சட்டம் வாங்கலாமா, ஒட்டு போடலாமா?

கண்ணாடியையும் ரப்பரையும் எடுத்துவிட்டுச் சட்டத்தைச் சமமான சிமெண்ட் தரையில் கிடத்துங்கள். நான்கு மூலையும் தரையில் படிகிறதா பாருங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. அடுத்து ஸ்குரூ டிரைவர் நுனியால் கீழ் விளிம்பு நெடுகக் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்றால் இரும்பு இருக்கிறது, ‘பொத்’ என்று உள்ளே போனால் பெயிண்ட் மட்டும்தான் நிற்கிறது.

மூன்று பக்கம் உறுதியாக இருந்து கீழ்ப்பகுதி மட்டும் போயிருந்தால் நான் ஒட்டு போடத்தான் சொல்வேன். பழைய சட்டத்தின் மூலை வளைவு அச்சில் அடித்தது, அதன் ஒழுங்கு வெளியில் செய்து விற்கும் எல்லாச் சட்டங்களிலும் இருப்பதில்லை. கோணிப்போனதென்றாலோ, கீல் உட்காரும் இடமே இல்லையென்றாலோ புதுசுக்குப் போங்கள். வாங்கும்போது பழைய சட்டத்தையும் கடைக்கு எடுத்துப்போய் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

ஒட்டு வேலையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. துருப் பிடித்த இடத்தைத் தாண்டி, வெள்ளை இரும்பு தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். 18 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.2 மி.மீ., போதும். ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டை ஓட்டையாக்கிவிடும். சி.ஓ.டூ வெல்டிங் உள்ள டிங்கர் பட்டறையில் கொடுங்கள். ஒரே மூச்சில் நீளமாக ஓட்டாமல், இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று மாறி மாறி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்பச் சொல்லுங்கள். சூடு ஓரிடத்தில் சேர்ந்தால் தகடு நெளியும். கண்ணாடி உட்காரும் விளிம்பு நெளிந்தால் வண்டி முதல் மேட்டில் ஏறும்போதே கண்ணாடியில் கீறல் ஓடும்.

இதைவிட முக்கியம் சட்டத்தின் உள்பக்கம். வெளியே எவ்வளவு அழகாக அடித்தாலும், மூடிய குழாய்க்குள் வெறும் இரும்பாக இருந்தால் உள்ளிருந்து மறுபடியும் துரு வரும். வெல்டிங் சூடெல்லாம் முடிந்த பிறகு மெல்லிய குழாய் வழியாக உள்ளே துருத்தடுப்பு மெழுகு செலுத்துங்கள். கீழே இருக்கும் வடிகால் துளைகளை டிங்கர் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை அழுக்கால் அடைத்திருந்தால் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள்.

ஓட்டையைப் பட்டி போட்டு மூடிவிட்டால் என்ன?

கூடாது. பட்டி மேடுபள்ளம் சரிசெய்ய மட்டும்தான், அதுவும் 2, 3 மி.மீ. கனத்துக்குள். ஓட்டையின் பின்பக்கத்திலிருந்து ஈரத்தை அது உறிஞ்சும். கொஞ்ச நாளில் பெயிண்ட் கொப்புளிக்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வண்டி. வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

உப்பைக் கழுவ வேண்டும். துருவைத் தேய்த்து எடுத்தாலும் உப்பு இரும்பின் குழிகளில் தங்கியிருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால், உப்பு காற்றிலுள்ள ஈரத்தைப் பெயிண்டுக்குள் இழுத்துக் கொப்புளம் கிளப்பும். தேய்த்த பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, உடனே காற்றடித்து அல்லது வெயிலில் காயவைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். கடற்கரை ஊர்களில் பல போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும், அதில் கழுவிப் பயனில்லை. ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவுதான், கடலைவிட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்கு ஓரளவு தாங்கும். உப்பளக் காற்று படும் வண்டிக்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியே பொருத்தம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

கஜா புயலில் தென்னை விழுந்து சட்டம் நசுங்கிய வண்டி. எடுக்கலாமா?

2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளில் என்ன ஆனது என்பதை மறந்தவர் இல்லை. மரம் விழுந்த வண்டியில் சட்டம் நசுங்கியதோடு விஷயம் முடிந்திருக்காது. கௌலும் கீழே இறங்கியிருக்கும். ஃபயர்வாலின் இரு பக்கமும் தரையிலிருந்து கௌல் வரை உயரம் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் முதலில் அதை ஜாக்கி கொடுத்து நிமிர்த்திய பிறகுதான் புதுச் சட்டம் உட்காரும். ஸ்டீயரிங் தண்டின் தாங்கியும் வளைந்திருக்கிறதா பார்க்க வேண்டும். சேஸிஸ் நேராக இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

எந்தக் கண்ணாடி போட வேண்டும்? ஊரில் கண்ணாடி வெட்டுபவரிடம் வாங்கலாமா?

லேமினேட்டட் கண்ணாடி மட்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருக்கும். கல் பட்டால் கீறல் விழும், உதிராது. டஃப்பன்ட் கண்ணாடி (சூடேற்றி வலுவாக்கியது) கல் பட்டதும் முழுவதும் மணிமணியாக நொறுங்கும், ஒரு நொடியில் முன்னால் எதுவும் தெரியாமல் போகும். ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி கத்தியாக உடையும். சில பழைய வண்டிகளில் சாதாரணக் கண்ணாடியே போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள், ஓட்டுபவரின் கழுத்தும் முகமும் அதற்கு நேராகத்தான் இருக்கின்றன.

தட்டைக் கண்ணாடி என்பதால் அளவுக்கு வெட்டிக்கொள்ள முடியும். இது இந்த ஜீப்புகளின் பெரிய வரம். இன்றைய கார்களின் வளைந்த கண்ணாடிக்கு அப்படி வழியே இல்லை. பழைய கண்ணாடியை அளவாகக் கொடுக்காதீர்கள், அதை முன்பே யாராவது தப்பாக வெட்டியிருக்கலாம். சரிசெய்த சட்டத்துக்குள் புது ரப்பரை வைத்து, அதற்குள் உட்காரும்படி ஹார்டுபோர்டில் ஓர் அச்சு வெட்டி, பொருத்திப் பார்த்து, அந்த அச்சைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் கீறி, நடு ஏட்டை மெதுவாக இளக்கி அறுக்கத் தெரிந்தவர் வேண்டும். ஓரங்களைத் தேய்த்து மழுக்கச் சொல்லுங்கள், அங்கே சின்னச் சில்லு இருந்தால் பின்னால் கீறல் அங்கிருந்துதான் கிளம்பும். வாங்கும் கண்ணாடியில் ஐ.எஸ். 2553 முத்திரை (பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம்) இருக்கிறதா பாருங்கள். வெட்டும்போது அந்த முத்திரை உள்ள மூலையை வைத்துக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்க்கும்போது உதவும்.

நிறம் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆவது விதிப்படி முன்கண்ணாடி வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும்.

இருக்கும் கண்ணாடியை வைத்துக்கொள்ள முடியாதா?

ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தால் நடு ஏட்டுக்குள் ஈரம் போய்விட்டது என்று பொருள். அது திரும்பாது. பார்வை படும் இடம் வரை வரவில்லையென்றால் கொஞ்ச காலம் ஓட்டலாம். வைப்பர் கோடுகளை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் சீரியம் ஆக்சைடு பொடியால் மெருகேற்றிப் பார்க்கலாம். சிக்கினால் மாற்றுவதுதான் நல்லது, ராத்திரியில் எதிர்வண்டி விளக்கு அந்தக் கோட்டில் பட்டுச் சிதறும்.

ரப்பரில் கண்ணாடியை எப்படி உட்காரவைப்பது?

கயிறு முறைதான். ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள், இணைப்பு மேல்பக்கம் வரட்டும். சட்ட விளிம்பு நுழைய வேண்டிய பள்ளத்தில் வழுவழுப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதியவைத்து, இரு முனைகளும் கீழ் நடுவில் ஒன்றையொன்று தாண்டி நிற்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவுங்கள். எண்ணெய், கிரீஸ் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். கண்ணாடியை வெளிப்பக்கமிருந்து சட்டத்தில் வைத்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்பக்கமிருந்து கயிற்றைக் கண்ணாடிக்கு இணையாக மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும்.

நல்ல வெயிலில் கொஞ்ச நேரம் ரப்பரைக் கிடத்திவிட்டுச் செய்தால் இளகிக் கொடுக்கும். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கயிற்றைப் பின்னால் விட்டு மறுபடி சோப்பு தடவி இழுங்கள்.

ஒழுகும் இடத்தில் சிலிக்கான் பூசினால் போதாதா?

வினிகர் வாசம் வரும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது. அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், கண்ணாடியின் நடு ஏட்டையும் ஓரத்தில் கெடுக்கும். மீன்தொட்டிக்கும் ஜன்னலுக்கும் விற்கும் சிலிக்கான்களில் பல அந்த வகை. ரப்பரும் சட்டமும் நன்றாக இருந்தால் பூச்சே தேவைப்படாது. தேவைப்பட்டால் கண்ணாடி வேலைக்கென்று வரும், இறுகாத கறுப்பு சீலன்ட்டை ரப்பரின் உதட்டுக்கு அடியில் மெல்லியதாகச் செலுத்துங்கள்.

எல்லாம் மாற்றியும் ஒழுகுகிறது. எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்பக்கம் முழுவதும் சாக்பொடி தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு டேஷுக்கு அடியில் படுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் ஹோஸை மெதுவாகத் திறந்து, முதலில் கௌல், அப்புறம் சட்டத்தின் அடி, பிறகு பக்கங்கள், கடைசியில் மேலே என்று கீழிருந்து மேலாகக் கொண்டுபோக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகியது என்று தெரியாது. பொடியில் விழும் கோட்டைப் பின்தொடர்ந்தால் ஊற்று கிடைக்கும்.

பல வண்டிகளில் குற்றவாளி கண்ணாடி ரப்பர் இல்லை. சட்டத்துக்கும் கௌலுக்கும் நடுவே ஒரு தட்டை ரப்பர் உண்டு, அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். கீல் ஸ்குரூத் துளைகளும், ஹூட் மாட்டும் மேல் சானலின் ரிவெட்டுகளும்கூட ஒழுகும்.

தரைத் தகட்டில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய சி.ஜே. வகைகளில் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில்தான் எரிபொருள் டேங்க். டேங்க்கைக் கழற்றி வெளியே தூரமாக வைக்காமல் வெல்டிங் டார்ச்சைக் கிட்டே கொண்டுவர விடாதீர்கள். ‘காலி டேங்க்தான்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், காலி டேங்க்கில் இருக்கும் ஆவிதான் அதிக ஆபத்து.

நம் வயல் மண் களி. சேறு காலோடு உள்ளே வந்து மூலைகளில் அப்பிக்கொண்டால் மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். தரையின் அடியில் ஓடும் ‘ப’ வடிவ சானல்களுக்குள்ளும் அதே களி அடைத்திருக்கும். மேல் தகட்டை மட்டும் மாற்றிவிட்டுச் சானலை விட்டுவிட்டால் வேலை பாதிதான். தண்ணீர் அடித்து எல்லாக் களியையும் வெளியே எடுத்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒட்டுகளின் விளிம்பில் சீம் சீலர் (இணைப்பை அடைக்கும் பசை) பூசுங்கள். துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள், வண்டியைக் கழுவும்போது திறந்துவிடலாம்.

மேலே சணல், கார்ப்பெட் எதுவும் வேண்டாம். தூக்கி உதறக்கூடிய கனமான ரப்பர் மேட் போதும். அதையும் மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது எடுத்து வெளியே போட்டுவிடுங்கள்.

எலி வயரைக் கடித்துவிடுகிறது. என்ன செய்வது?

டெல்டாவில் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது. அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலிகளும் பெருச்சாளிகளும் வைக்கோல் போருக்கு வருகின்றன. போருக்குப் பக்கத்தில் நிற்கும் ஜீப்பின் டேஷ்போர்டுக்கு உள்ளே இருட்டு, சூடு, சீட்டுக்குள் மெத்தை. பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்க்காமல் எலியால் இருக்க முடியாது. வயர் உறை அதற்கு வாகாக இருக்கிறது.

வைக்கோல் போரிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்துவதுதான் முதல் மருந்து. ஃபயர்வாலில் பழைய துளைகள் நிறைய இருக்கும்: கழற்றிய கேபிள், ஹீட்டர் குழாய், யாரோ எப்போதோ போட்ட ஹாரன் வயர். தேவையில்லாதவற்றைத் தகடு வைத்து மூடுங்கள். தேவையான துளைக்கு ரப்பர் கிரோமெட் (துளை ஓரத்தில் மாட்டும் வளையம்) போட்டு, அதைச் சுற்றிக் கம்பி வலை வையுங்கள். வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஓட்டுங்கள், ஆள் நடமாடும் இடத்தில் அவை கூடு கட்டத் தயங்கும்.

விஷம் வைக்காதீர்கள். எலி டேஷுக்குப் பின்னால் போய்ச் செத்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வீட்டில் பூனை, நாய் இருக்கும், வயலில் ஆந்தையும் கூகையும் அந்த எலியைத் தின்னும். கொட்டகையைச் சுற்றி மூங்கிலால் செய்த தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியை வைக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

வயரிங் முழுவதும் மாற்ற வேண்டுமா?

கடிபட்டது இரண்டு மூன்று இடம்தான், மற்ற வயர்களின் உறை வளைத்தால் வெடிக்கவில்லை என்றால் அந்த இடங்களை மட்டும் சால்டர் வைத்து, சுருங்கும் உறை போட்டுச் சரிசெய்யலாம். உறை பொடியாக உதிர்ந்தால் முழுக்க மாற்றுங்கள். பழைய நிறங்களையே பின்பற்றுங்கள். எல்லாமே சிவப்பு வயரில் இழுத்த வண்டியை அடுத்த எலக்ட்ரீஷியன் பார்க்கும்போது பாவம், அவருக்கு எதுவும் புரியாது.

பெஜோ வடிவமைப்பில் வந்த 2.1 லிட்டர் டீசல் எஞ்சின் உள்ள எம்.எம். 540 போன்றவற்றில் ஹீட்டர் பிளக்குக்கு (ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினைச் சூடாக்குவது) போகும் வயர் அதிக கரண்ட் இழுக்கும். அந்த இடத்தில் மெல்லிய வயர் போட்டால் டேஷுக்கு அடியில் உருகும். தடிமனான வயரும் ரிலேயும் போடுங்கள்.

அப்புறம் எர்த். புதுப் பெயிண்ட் அடித்த டேஷ்போர்டில் மீட்டர்கள் வேலை செய்யவில்லை என்று பலர் பயந்துவிடுகிறார்கள். முன்பு தகடே எர்த்தாக இருந்தது, இப்போது நடுவில் பெயிண்ட் இருக்கிறது. மீட்டர்களின் பின்பக்கத்திலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மீட்டர்களைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது?

சில பழைய வண்டிகளில் எண்ணெய் அழுத்த மீட்டருக்கு எஞ்சினிலிருந்து நேராகச் சின்னக் குழாய் வரும், உள்ளே எண்ணெய் இருக்கும். சூடு காட்டும் மீட்டரிலும் மெல்லிய செம்புக் குழாய் இருக்கலாம். அதை வெட்டினாலோ மடித்தாலோ மீட்டர் செத்துவிடும். எஞ்சின் முனையில் கழற்றி, முழுக் குழாயையும் சுருட்டி எடுங்கள். டயலின் எழுத்து மங்கியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பது என் ஆசை. கண்ணாடியும் ரப்பர் வளையமும் மாற்றினால் போதும், அந்த எழுத்தின் அழகு ஸ்டிக்கரில் வராது.

வைப்பர் மெதுவாக ஓடுகிறது.

பல பழைய ஜீப்புகளில் மோட்டார் கண்ணாடிச் சட்டத்திலேயே இருக்கும். அங்கேயும் எர்த்தைத்தான் முதலில் பாருங்கள், சட்டம் கீல் வழியாக மட்டும் எர்த் எடுப்பதால் துரு, பெயிண்ட் இரண்டும் தடுக்கும். அடுத்தது தண்டின் புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்). உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். புஷ் தேய்ந்திருந்தால் எந்த லேத் பட்டறையிலும் பித்தளையில் கடைந்து தருவார்கள். பம்புசெட்டுக்கு அன்றாடம் செய்யும் வேலைதான் அவர்களுக்கு.

சீட்டுக்கு என்ன போடலாம்?

குழாய்ச் சட்டம் துரு இல்லாமல் இருக்க வேண்டும். குழாய் உள்ளே அழுகியிருந்தால் தட்டும்போதே சத்தம் மாறும். நிரப்புவதற்கு ரப்பர் சேர்த்த தேங்காய் நாரும், அதன் மேல் ஓர் அங்குலம் அடர்த்தியான ஃபோமும் நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். நாருக்குள் காற்று போய்வரும், நனைந்தாலும் காயும். வெறும் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நாறும்.

மேலுறைக்கு ரெக்சினா, கேன்வாஸா என்று கேட்பார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் திறந்த ஜீப்பின் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கேன்வாஸ் பக்கம் வந்துவிடுவார்கள். தோப்புக்கும் வயலுக்கும் போய் வரும் வண்டிக்குச் சேற்றைத் துடைக்க ரெக்சின் வசதி. நான் உட்காரும் பகுதிக்குக் கேன்வாஸ், பக்கவாட்டுக்கு ரெக்சின் என்று தைக்கச் சொல்வேன். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும், பாலியெஸ்டர் நூல் கேளுங்கள். அடியில் இரண்டு மூன்று காற்றுத் துளை வளையம் போடச் சொல்லுங்கள்.

சீட் பெல்ட் இல்லாத வண்டியில் போடலாமா?

கட்டாயம் போடுங்கள். வெறும் தரைத் தகட்டில் போல்ட் போட்டால் இழுபடும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் உள்ளங்கை அகலக் கனமான இரும்புப் பட்டை வைத்து, சானல் ஓடும் இடமாகப் பார்த்துப் பொருத்த வேண்டும். பெல்ட்டுக்கென்று வரும் உயர்வலிமை போல்ட்டே போடுங்கள்.

நிறம் மாற்றுவது, பதிவு, எஃப்.சி. பற்றி?

இராணுவப் பச்சை அடிக்க ஆசைப்படுபவர்கள் அதிகம். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை கூடாது. வேறு நிறத்துக்கு மாற்றினால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) பதிய வேண்டும். உடலமைப்பை வெட்டி நீட்டுவது, சேஸிஸில் கை வைப்பது வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐ வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இங்கே பேசிய வேலைகள் எல்லாம் இருந்ததை இருந்தபடி சரிசெய்வதுதான்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. பழைய அரசு ஜீப் வாங்குபவர்கள் ஒன்றை முக்கியமாகப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை, அவை உடைப்புக்குத்தான் போகின்றன. அதற்கு முன்பே ஏலத்தில் போய்த் தனியார் பெயருக்கு மாறி, ஆர்.சி. உயிரோடு இருக்கும் வண்டியா என்று சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வேலை முடிந்தது. கண்ணாடியை முன்னால் மடக்கி ஓட்டலாமா?

ரோட்டில் வேண்டாம். ஒரு பூச்சியோ கல்லோ கண்ணில் பட்டால் போதும். சொந்த நிலத்தில், மெதுவாக, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம். மடக்கும் முன் வைப்பர் வயரில் போதுமான தளர்வு இருக்கிறதா பாருங்கள். சட்டம் பேனட்டில் உள்ள தாங்கிக் கட்டைகளில் படிய வேண்டும், தகட்டில் படக்கூடாது. கட்டை தேய்ந்திருந்தால் புது மரமோ ரப்பரோ வைத்து உயர்த்துங்கள், கொக்கியால் கட்டாயம் பூட்டுங்கள். நிமிர்த்திய பிறகு பக்கக் கொக்கிகளை இறுக்கி, கௌல் ரப்பர் எங்கும் மடங்காமல் படிந்திருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.